வரைபும் அளவுத்திட்டமும்

ராகலை என்னும் பெயரைக் கேட்டவுடன் தேயிலையையும் குளிரையுமே நினைப்பவர் பலர். அவ்வூருக்கு ஒரு காலத்திற் புகைவண்டி சென்றது என்பதை இன்றைய மாணாக்கருட் பெரும்பாலார் அறியார். நானுஓயாவிற் பிரதான பாதையிலிருந்து பிரிந்து, நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரையும், ஏறக்குறைய 19 மைல் தூரத்திற்கு, இரண்டரை அடி அகலமே உடைய ஒடுங்கிய இருப்புப்பாதை ஒன்று இடப்பட்டிருந்தது. 1903ஆம் ஆண்டில் நுவரெலியாவையும் அடுத்த ஆண்டில் ராகலையையும் அது எட்டியது. உடப்புசல்லாவைப் பாதை என வழங்கிய அது, பயணிகளையும் தேயிலைப் பெட்டிகளையும் சில பத்தாண்டுகள் சுமந்து, 1940களில் மூடப்பட்டது. வரைபு வரைதலைப் பற்றிய கட்டுரைக்குப் புகைவண்டி எதற்கு என வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க. ஒரு வரைபிற்கு ஏற்ற அளவுத்திட்டத்தைத் தெரிதல் என்றால் என்ன என்பதை இப்பாதையைப் போலத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு மலைநாட்டில் வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

பாதையின் முதற் பகுதியை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். நானுஓயா நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 5,300 அடி உயரத்தில் உள்ளது. நுவரெலியா ஏறக்குறைய 6,200 அடி. இடையிலுள்ள தூரத்தை 6 மைல் எனக் கொள்வோம். எனவே வண்டி 6 மைலில் 900 அடி ஏறல் வேண்டும். இதனை ஒரு தாளில் நெடுக்குவெட்டுமுகமாக வரையப் புகுவோன் முதலில் நேர்மையான வழி என்று எண்ணுவது, இரண்டு அச்சுக்களுக்கும் ஒரே அளவுத்திட்டத்தை வழங்குதலே. ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கட்டும். தூரம் 6 அங்குலம் ஆகின்றது. ஏற்றமோ ஓர் அங்குலத்தின் ஆறிலொரு பங்கு. தாளிற் கிடப்பது ஒரு படுத்த கோடு. கூர்மை மழுங்கிய பென்சிலால் வரைந்தால், ஏற்றம் எங்கே, இறக்கம் எங்கே எனக் காணல் அரிது. நிலத்தின் வடிவத்தை உள்ளபடி காட்டும் படம் இதுவே. ஆயினும் பாதை அமைப்போனுக்கு இப்படத்தால் ஒரு பயனும் இல்லை.

ஆதலின் அவன் நிலைக்குத்து அச்சில் ஓர் அங்குலத்திற்கு 200 அடி எனக் கொள்கின்றான். இப்பொழுது 900 அடி ஏற்றம் நாலரை அங்குலமாக நிமிர்கின்றது. அடி 6, உயரம் நாலரை, கன்னம் ஏழரை. யூக்கிளிட்டின் மாணாக்கர் நன்கறிந்த 3, 4, 5 முக்கோணியே இது. கோடு கிடையோடு ஆக்கும் கோணம் ஏறக்குறைய 37 பாகை. உண்மை நிலத்தில் அச்சரிவின் கோணமோ ஒன்றரைப் பாகைக்குச் சற்றே மிகுந்தது. உயரம் 26 மடங்கிற்கு மேலாகப் பெருப்பிக்கப்பட்டுள்ளது. இப்படத்தை மட்டும் கண்டவன், கூரையின்மேல் ஏறுவது போல் வண்டி ஏறிற்றென நம்பிவிடுவான்.

இவ்விரு படங்களில் எது பொய்? இரண்டும் பொய்யல்ல. முதலாவது நிலத்தின் வடிவத்தைச் சொல்கின்றது. இரண்டாவது இயந்திரத்தின் வருத்தத்தைச் சொல்கின்றது. 6 மைலில் 900 அடி என்பது 35 அடிக்கு ஓர் அடி ஏற்றம். நடப்பவனுக்கு இது ஒரு பொருட்டன்று. இருப்புத் தண்டவாளத்தில் இருப்புச் சில்லோடு ஏறும் வண்டிக்கோ இது கடுஞ்சரிவு. கொழும்பிலிருந்து மலைநாட்டுக்கு ஏறும் பிரதான பாதையில் 44 அடிக்கு ஓர் அடி என்பதையே எல்லையாக வகுத்திருந்தனர். படுத்த கோடாக வரைந்த படம் இவ்வருத்தத்தை மறைத்துவிடும். எனவே பொறியியலார் உயரத்தைப் பெருப்பித்தே வரைகின்றனர்; ஆனால் கிடையளவுத்திட்டம் இது, நிலையளவுத்திட்டம் இது என இரண்டையும் படத்தின் கீழே தவறாது எழுதிவிடுகின்றனர். அவ்விரு வரிகளும் இல்லையேல் படம் பொய்யாகிவிடும்.

இனி வகுப்பறைக்கு வருவோம். சாதாரண தரப் பரீட்சையிற் கணித வினாத்தாளைக் கண்டவர்க்குப் பொருத்தமான அளவுத்திட்டத்தைப் பயன்படுத்தி வரைக என்னும் கட்டளை புதியதன்று. பொருத்தம் என்னும் அச்சொல்லின் பொருளை நாம் மாணாக்கருக்கு விளக்குவது அரிது. கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய அளவுத்திட்டத்தை அவர்கள் பெயர்த்தெழுதுகின்றனர். பரீட்சை மண்டபத்திற் கரும்பலகை உதவாத பொழுது இடர்ப்படுகின்றனர்.

ஓர் உதாரணம் எடுப்போம். கிடைக் கணியத்தைக் க எனவும் நிலைக் கணியத்தை ய எனவும் குறித்து, ய = க² − 2க − 5 என்னும் சார்பை, க ஆனது −2 முதல் 4 வரை மாறும் வீச்சில் வரைதல் வேண்டும். ய இன் பெறுமானங்கள் முறையே 3, −2, −5, −6, −5, −2, 3. கிடையச்சில் 6 அலகும் நிலையச்சில் 9 அலகும் தேவை. தாளில் 18 சதமமீற்றர் அகலமும் 24 சதமமீற்றர் உயரமும் பயன்படத்தக்கன எனக் கொள்வோம். அகலம் முழுவதையும் நிரப்பும் ஆசையால் ஓர் அலகுக்கு 3 சதமமீற்றர் எனக் கொள்ளும் மாணாக்கன் தனக்குத் தானே குழி தோண்டுகின்றான். ஒரு மில்லிமீற்றர் முப்பதிலொன்று ஆகிவிட, 0.7ஐயும் 0.45ஐயும் எங்கே குறிப்பதென அவன் ஒவ்வொரு புள்ளிக்கும் பெருக்கிப் பிரித்துக் களைக்கின்றான். ஓர் அலகுக்கு 2 சதமமீற்றர் எனக் கொண்டவனோ, ஒரு மில்லிமீற்றர் 0.05 என்பதைக் கண்ணாலேயே வாசிப்பான். நமது எண்கள் பத்தை அடியாகக் கொண்டவை. ஆதலின் 1, 2, 5, 10 ஆகியவையும் அவற்றின் பத்து மடங்குகளுமே தாளின் கட்டங்களோடு இசைந்து நடக்கும். 3, 6, 7, 9 முரண்டு பிடிக்கும்.

வரைபு கிடையச்சை வெட்டும் இடங்களே க² − 2க − 5 = 0 என்னும் சமன்பாட்டின் மூலங்கள். நேர் மூலம் 3.449 எனக் கணித்தறியலாம். ஓர் அலகுக்கு 2 சதமமீற்றர் எனக் கொண்ட வரைபில் அது உற்பத்தியிலிருந்து 69 மில்லிமீற்றரில் விழும், 3.45 என வாசிக்கலாம். ஒரு சதமமீற்றருக்கு 5 அலகு எனச் சுருக்கியவனுக்கோ அது 7 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவில் விழும், 3.5 என்பான், அயலவன் 3.4 என்பான், இருவரையும் குறைகூற முடியாது.

இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. மூலத்தை வாசிப்பது கிடையச்சில் அன்றோ, நிலையச்சு எவ்வாறிருந்தாலென்ன எனச் சிலர் எண்ணுவர். நிலையச்சில் ஓர் அலகுக்கு 2 மில்லிமீற்றரே கொடுத்தால், வளைகோடு கிடையச்சை ஏறக்குறைய 26 பாகையிற் சாய்வாக வெட்டும். இரு அச்சுக்களுக்கும் சமமாகக் கொடுத்தாலோ 78 பாகையில் நிமிர்ந்து வெட்டும். பென்சிற் கோட்டுக்கும் ஒரு தடிப்பு உண்டு. நிமிர்ந்து வெட்டும் கோடு அச்சில் தன் தடிப்பளவே மறைக்கும். சாய்ந்து வெட்டுவது அதன் இரண்டேகால் மடங்கை மறைக்கும். ஆகவே வெட்டுமிடத்தை அறிய விரும்புவோன், கோடுகள் ஒன்றையொன்று நிமிர்ந்து வெட்டும் வண்ணம் இரண்டு அளவுத்திட்டங்களையும் சேர்த்தே தெரிதல் வேண்டும்.

பௌதிக ஆய்வுகூடத்தில் நான் கண்ட பிழையொன்றையும் ஈண்டுக் கூறல் தகும். ஒரு கம்பியின் தடையைக் காண்பதற்கு அழுத்தத்தையும் ஓட்டத்தையும் வரைபிற் குறித்த மாணவன் ஒருவன், நேர்கோட்டின் சாய்வைப் பாகைமானியால் அளந்தான். 45 பாகை, தான்சன் 1, ஆகவே தடை 1 ஓம் என்றான். நிலையச்சில் ஒரு சதமமீற்றருக்கு 2 வோல்ற்றும், கிடையச்சில் ஒரு சதமமீற்றருக்கு 0.1 அம்பியரும் அவனே கொண்டவை. உண்மைத் தடை 20 ஓம். கண்ணுக்குத் தெரியும் சாய்வு தாளுக்குரியது, படித்திறனோ கணியங்களுக்குரியது. நானுஓயாவின் 37 பாகையை மலையின் சரிவென்று நம்புவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

அடுத்து, அச்சைச் சூனியத்திலிருந்து தொடங்கல் வேண்டுமா என்னும் வினா. வேண்டும் என்று விதி செய்வோரும் வேண்டாம் என்று விதி செய்வோரும் உளர். கணியத்தின் இயல்பை நோக்காது கூறும் விதி எதுவும் பயனற்றது. நுவரெலியாவின் மாதச் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 14 பாகைக்கும் 17 பாகைக்கும் இடையில் அசைவது. இதனைச் சூனியத்திலிருந்து வரைந்தால் அசைவே தெரியாது. சதமவளவையிற் சூனியம் என்பது வெப்பமே இல்லாத நிலையன்று. நீர் உறையும் நிலைக்கு மனிதர் இட்ட பெயர். பரனைற்று அளவையில் அதே நிலை 32 ஆகின்றது. ஆகவே வெப்பநிலை வரைபை 12இலோ 13இலோ தொடங்குவதாற் குற்றமில்லை. எனினும் தை, மாசியில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனியைப் பற்றி வரைவோன் இரவுக் குறைந்த வெப்பநிலையை எடுத்தல் வேண்டும். அவன் வரைபிற் சூனியம் இருந்தே தீரல் வேண்டும், செடிக்கு ஆபத்து அங்கேதான் இருப்பதால்.

பாடசாலை வரவோ அத்தகையதன்று. நூற்றுக்குச் சூனியம் என்றால் ஒருவரும் வரவில்லை என்பதே பொருள். தோட்டப் பகுதிப் பாடசாலை ஒன்றின் அலுவலகச் சுவரில், மாத வரவைச் செவ்வகங்களாக வரைந்த படமொன்றைக் கண்டேன். ஒரு மாதம் 96 வீதம், அடுத்த மாதம் 93 வீதம். அச்சு 90இல் தொடங்கியதால் இரண்டாஞ் செவ்வகம் முதலாவதின் சரி பாதியாக நின்றது. பிள்ளைகளிற் பாதிப்பேர் கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போய்விட்டனர் என்று வந்தவர் ஒருவர் பெருமூச்செறிந்தார். செவ்வகத்தில் நீளமே செய்தி. நீளத்தின் அடியை வெட்டிவிட்டால் செய்தியையே வெட்டியதாகும். கோட்டு வரைபில் ஏற்ற இறக்கமே செய்தியாதலின் அங்கே சிறிது சலுகை உண்டு.

கிடையச்சு எங்கே தொடங்குகின்றது என்பதும் சிறிய காரியமன்று. இலங்கையில் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 20 ஆக 1946இல் இருந்த இறப்பு வீதம் 1947இல் ஏறக்குறைய 14 ஆக வீழ்ந்தது. இவ்விரண்டு ஆண்டுகளையும் அயலிலுள்ள இரண்டொன்றையும் மட்டும் வரைந்தால் ஒரு செங்குத்துப் பாறை தோன்றும். அக்காலத்தில் தெளிக்கப்பட்ட டி.டி.ரி. மருந்தே முழுக் காரணம் என்று நாவு தானாகச் சொல்லும். நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வரைந்தாலோ நீண்ட ஒரு சரிவு தெரியும். 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் அதில் ஒரு கூரிய சிகரமாக எழும். 1947இன் வீழ்ச்சி அச்சரிவின் ஒரு படியாகும். வீழ்ச்சியில் மலேரியா ஒழிப்புக்கு உரிய பங்கு எவ்வளவு, உணவுக்கும் வைத்தியசாலைகளுக்கும் உரியது எவ்வளவு என்று அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதிட்டனர்.

சமமான நீளம் சமமான வித்தியாசத்தைக் குறிக்கும் என்றே இதுவரை கொண்டோம். அது கட்டாயமன்று. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை நட்ட நிலம் 19 ஏக்கர். 1869இற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, தேயிலை பரவி 1899இல் ஏறக்குறைய 4 இலட்சம் ஏக்கரை மூடியது. ஓர் அங்குலத்திற்கு 50,000 ஏக்கர் என வரைந்தால் வரைபின் உச்சி 8 அங்குலத்தில் நிற்கும். டெய்லரின் 19 ஏக்கரோ அச்சுக்கோட்டின் தடிப்புக்குள்ளேயே புதைந்துபோம். தொடக்கமே இல்லாத வரலாறு அது. இத்தகைய இடத்தில் மடக்கை அளவுத்திட்டம் கைகொடுக்கும். 10 இலிருந்து 100க்கு 2 அங்குலம், 100இலிருந்து 1,000க்கு இன்னும் 2 அங்குலம், இவ்வாறே பத்து இலட்சம் வரை 10 அங்குலம். 19 ஏக்கர் அடியிலிருந்து அரை அங்குலத்துக்குச் சற்று மேலே நிற்கும். 4 இலட்சம் 9 அங்குலத்தைச் சற்றே தாண்டி நிற்கும். இங்கே சமமான நீளம் சமமான மடங்கைக் குறிக்கின்றது. ஒன்று மட்டும் நினைவிலிருத்தல் வேண்டும்: இவ்வளவுத்திட்டத்திற் சூனியத்துக்கு இடமில்லை. எவ்வளவு கீழே இறங்கினும் அது அகப்படாது.

இவற்றையெல்லாம் மனத்திற் கொண்டு, ராகலையைச் சூழ்ந்த லயங்களில் நாடோறும் பேசப்படும் ஒன்றை வரைவோம். பணத்தின் போக்கைக் கோடாக்கிக் காட்டும் வழக்கம் வில்லியம் பிளேபெயர் 1786இல் வெளியிட்ட வணிகப் படத்தொகுதியோடு பரவியது. அவர் பிரித்தானியாவின் ஏற்றுமதி இறக்குமதியை வரைந்தார். நாம் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளத்தை வரைவோம். கூட்டு ஒப்பந்தங்களின்படி அது 2009இல் 285 ரூபாய், 2011இல் 380, 2013இல் 450, 2016இல் 500, 2019இல் 700. 2021இற் சம்பள நிர்ணய சபையின் முடிவுப்படி 900. அதனோடு 100 ரூபாய்க் கொடுப்பனவு சேர்ந்து ஆயிரம். வரவுக்கும் உற்பத்திக்கும் விலைப் பங்கிற்குமாகச் சேர்க்கப்பட்ட தொகைகளையும் கூட்டினால் 2013இல் 620 எனவும் 2016இல் 730 எனவும் வரும். ஒரு சாரார் 730ஐ எழுதினர், மறு சாரார் 500ஐ எழுதினர். நிபந்தனையின்றிக் கிடைப்பது அடிப்படைச் சம்பளமே ஆதலின் யான் அதனையே எடுத்தேன்.

முதலிற் கிடையச்சு. பத்திரிகைகளிலும் மேடைகளிலும் இவ்வாறு எண்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சம இடைவெளியில் நிறுத்தப்படுவதைக் கண்டிருக்கின்றேன். அது தவறு. முதல் மூன்றுக்கும் இடையில் இவ்விரண்டு ஆண்டுகள். அடுத்த இரண்டு இடைவெளிகளும் மும்மூன்று ஆண்டுகள். 2015 மார்ச்சில் முடிந்த ஒப்பந்தத்துக்குப் பதிலாக அடுத்தது 2016 அக்டோபரிலேயே கைச்சாத்தானது. அவ்வொன்றரை ஆண்டுக் காத்திருப்பு தாளில் ஒரு நீளமாகத் தெரிதல் வேண்டும். சம இடைவெளியில் நிறுத்தினால் காத்திருந்தவர்களின் நாள்கள் தாளிலிருந்து மறைந்துபோம்.

பின்பு நிலையச்சு. 2016இன் உயர்வு 50 ரூபாய். அச்சை 440இல் தொடங்கி, ஒரு கட்டத்திற்கு 10 ரூபாய் எனக் கொண்டால், 450 முதற் கட்டத்திலும் 500 ஆறாங் கட்டத்திலும் நிற்கும். சம்பளம் ஆறு மடங்கானது போல் தோற்றும். சூனியத்தில் தொடங்கி ஒரு கட்டத்திற்கு 100 ரூபாய் எனக் கொண்டால் உயர்வு அரைக் கட்டம். கூலி என்பது சூனியம் உடைய கணியம். சூனியக் கூலி என்றால் அடுப்பெரியாத நாள். ஆகவே இங்கே அச்சை வெட்டுவதற்கு நியாயமில்லை.

மடக்கை அளவுத்திட்டம் இன்னும் தெளிவாகப் பேசும். ஐந்து உயர்வுகளும் முறையே ஏறக்குறைய 33, 18, 11, 40, 29 வீதம். சாதாரண வரைபில் 70 ரூபாய் உயர்ந்த 2013க்கும் 50 ரூபாய் உயர்ந்த 2016க்கும் பெரும் வேறுபாடு தெரிவதில்லை. மடக்கை வரைபில், காத்திருந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்கும்பொழுது, 2013க்கும் 2016க்கும் இடைப்பட்ட கோடு ஏறக்குறையப் படுத்தே கிடக்கின்றது. ராகலைப் பாதையைச் சம அளவுத்திட்டத்தில் வரைந்தது போன்ற கோடு இது. ஆனால் இங்கே படுத்திருப்பது பென்சிலின் குற்றமன்று.

எஞ்சியது ஒன்று. அளவுத்திட்டத்தின் அலகாகிய ரூபாயே சுருங்குமாயின் யாது செய்வது? ஓர் அங்குலம் என்று நாம் பிடித்த அடிக்கோல் ஆண்டுக்காண்டு தேய்வது போன்றது அது. உள்ளூர் விலைவாசியைக் கொண்டு திருத்துவதே முறை. ஆயினும் கோதுமை மாவும் எரிபொருளும் மருந்தும் கடல் கடந்து வருவனவாதலின், டொலரில் மாற்றிப் பார்ப்பதும் முற்றிலும் பொருந்தாததன்று. அவ்வாண்டுகளின் நாணயமாற்று வீதங்களின்படி, அடிப்படைச் சம்பளம் 2009இல் ஏறக்குறைய இரண்டரை டொலர், 2011, 2013, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மூன்றரையை அண்டியே நின்றது, 2019இல் நான்கை அணுகியது, 2021இல் நாலரை. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு டொலர் 360 ரூபாயானபொழுது, ரூபாய் வரைபில் 900 இருந்த இடத்திலேயே அசையாது நின்றது. டொலர் வரைபில் அப்புள்ளி, 2009இல் தொடங்கிய அதே இரண்டரையில் வந்து விழுந்தது.